குடிக்காதே, உயிரோடு இருக்கிறது

குளிர்பெட்டியின் இரண்டாம் தட்டில்
முட்டைகளுக்கும் ஊறுகாய் வெள்ளரிக்கும் நடுவே
ஒரு கண்ணாடி ஜாடி.
மூடி இறுக்கப்படவில்லை.
ஒட்டியிருந்த தாளில் ரெய்னோவின் கையெழுத்து:
"குடிக்காதே. உயிரோடு இருக்கிறது."
கீழே பிப்ரவரி பதினான்கு.
அதை அடித்து, இருபத்தொன்று.

அடிக்க வைத்தவள் நான்.

சனிக்கிழமை பீர் காய்ச்சுவதாக இருந்தோம்.
புதன்கிழமையே அவன் பிரை போட்டுவிட்டான்.
மால்ட் மாவைக் கொதிக்கவிட்டு, ஆறவிட்டு,
ஒரு பொட்டலம் ஈஸ்ட்டை அதில் சரித்து,
அடியில் காந்தம் சுற்றச் சுற்ற
இரவெல்லாம் சமையலறையில் ஒரு சின்னச் சுழி.
வெள்ளி மாலை சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி கிளம்பியது.
ரேடியோவில் க்ளெம்: "பதினேழு, எங்கே இருக்கே?"
மார்க்வெட் நகரில் பனி வாரும் லாரிக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
ஓட்டுகிறவளுக்கும் அதே எண்.

அடுத்த சனியும் அப்படியே போனது.

விடிகாலை நான்கு மணிக்குப் பாலெடுக்கத் திறந்தால்
அந்தச் சின்ன விளக்கில் அது நிற்கும்.
மேலே தேநீர் நிறத்தில் தெளிவு.
அடியில் விரல் கனத்துக்கு வெள்ளை வண்டல்.
"செத்துப் போச்சா?" என்றேன், பூட்ஸைக்கூடக் கழற்றாமல்.
"தின்னு முடிச்சுட்டு உட்கார்ந்திருக்கு" என்றான் படுக்கையிலிருந்து.
"மேல இருக்கிறதைக் கொட்டிடாதே. அதுதான் போர்வை."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.
அவன் பேனாவைத்தான் எடுத்தான்.
இருபத்தெட்டு.

மூன்றாவது புயலில் மின்சாரமும் போனது.
விறகடுப்பு கனகனவென்று எரியும் வீடு.
வெதுவெதுப்பு பட்டால் அது விழித்துக்கொள்ளும்,
விழித்தால் பசிக்கும்,
தின்ன ஒன்றும் இருக்காது என்று
ஜாடியைச் சந்தோரப் பனிக்குவியலில் புதைத்தான்.
வெளியே மைனஸ் இருபது.
குவியலுக்குள் அவ்வளவு இல்லை.
அடையாளத்துக்கு ஒரு பழைய பனிச்சறுக்குக் கோல்.

எனக்குச் சொல்ல அழைத்திருக்கிறான். என் கைபேசி உறைந்து கிடந்தது.

இரவு இரண்டே முக்கால். எங்கள் சந்து.
கலப்பையில் ஏதோ 'டக்'கென்றது.
கண்ணாடியில் பின்னால் பார்த்தேன்:
எங்கள் வீட்டுச் சிவப்புக் கோல், இரண்டாக.

அவன் எங்கே என்ன வைப்பான் என்பது எனக்குத் தெரியும்.

"வைப்பரில் பனிக்கட்டி" என்று க்ளெமிடம் பொய் சொல்லிவிட்டு
முகப்பு விளக்கில் மண்டியிட்டுத் தோண்டினேன்.
எதிர்வீட்டு பெர்த்தாவின் தபால் பெட்டியடியில் கிடைத்தது.
மூடி நசுங்கியிருந்தது. கண்ணாடி உடையவில்லை.
உள்ளே ஊசி ஊசியாய்ப் பனி.

மதிய உணவுப் பையில் வைத்துக் காலடியில் இறக்கினேன்.
பிறகு ஹீட்டரை அணைத்தேன்.
ஏழு மணிவரை அப்படியே ஓட்டினேன்.
மூன்றாவது கியர் எங்கே இருக்கிறதென்று
கை மறந்துபோனது.

மூடியைத் திறந்து முகர்ந்தான்.
"ரொட்டி வாசம்தான்" என்றான்.
"பாதி போயிருக்கும். பாதி போதும்."
மேல்தெளிவைச் சாய்த்துக் கொட்டினான்.
புது மால்ட் சாறு ஊற்றினான்.
அப்புறம்தான் என் விரல்களைப் பார்த்தான்.
"ஹீட்டர் கெட்டுப்போச்சா?"
"ஆமாம்."
ஒரே இரவில் இரண்டாவது பொய்.

இருபத்தெட்டையும் அடித்திருந்தான்.
பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
வானம் துடைத்துவைத்ததுபோல் இருந்தது,
யாரும் கூப்பிடவில்லை.
கொல்லைப்புறத்தில் பானை கொதிக்க
ஹாப்ஸ் பொட்டலத்தை என் கையில் கொடுத்து
"நான் சொல்லும்போது போடு" என்றான்.

கண் திறந்தபோது இருட்டியிருந்தது.
என்மேல் அவனுடைய கோட்டு.
பானை கழுவிக் கவிழ்த்திருந்தது.
பொட்டலத்தை எப்போது என் விரலிலிருந்து உருவினானோ.
உள்ளே, வாளியின் குழாயில்
ஒரு குமிழி. நின்று,
இன்னொன்று.