விழித்திருப்பவன் விதி

கீழவாசலில், துவாரகநாத்தின் சாயக்கடைக்கு மேல் மாடி.
படியேறும்போதே கைப்பிடி விரலை நீலமாக்கும்.
ஞாயிறு இரவு ஏழரைக்கு
புளியங்கொட்டைகளைப் பரப்புகிறேன்:
இருபத்திரண்டு குட்டிப்பூதங்கள்.
ஒன்று மட்டும் உடைந்தது, அது காவல்காரன்.
குகையை வரைந்தது ஜவுளிப்பெட்டி அட்டையின் பின்பக்கம்.
பஸ் ஜன்னலில் பார்த்த நாகமலையின் முதுகுதான்;
யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஜமால் மைதீனின் திருடன்
மூன்றாம் தூணுக்குப் பின்னால்.
மூச்சை அடக்கி, நிஜமாகவே அடக்கி,
பகடையை உருட்டினான்.
பதினெட்டு.
(இருபது முகம் அதற்கு. இங்கே தாயம் விழுந்தால் தோல்வி
என்பதை ஏற்றுக்கொள்ள
சோலைராசுவுக்கு மூன்று மாதம் பிடித்தது.)

"அப்ப பூதத்துக்கு முதல் சுற்று கிடையாது.
திடீர்த் தாக்குதல். குத்திட்டேன்."

"குத்தல" என்றார் துவாரகநாத்.
நகலெடுத்த விதிநூல், பக்கம் தொண்ணூற்று நாலு,
ஓரமெல்லாம் சாய ரேகை:
'விழித்திருந்து எதிரியை எதிர்பார்ப்பவரைத்
திடுக்கிடச் செய்ய இயலாது.'
"எதிர்பாக்குறதுதானப்பா காவல்காரன் வேலையே?
தூங்குறவனுக்கா பூதராசா சம்பளம் குடுப்பான்?"

சோலைராசு தமிழ் எம்.ஏ.
"வெட்சி சூடிப் போனப்பவும் அங்க காவல் இருந்துச்சு.
மாடு போச்சுல்ல?"
"குகையில மாடு இருக்கா?"
இல்லை. நான் வரையவில்லை.

கீழே பரோட்டாக் கடையில் கொத்தத் தொடங்கினார்கள்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
ஆட்டத்தை நடத்துபவன் நான்;
பகலில் ஆடிட்டர் ஆபீஸில்
அடுத்தவர் கணக்கில் டிக் அடிப்பவன்.
விதி எனக்குப் பிடிக்கும்.
விதியிலுள்ள ஓட்டை இன்னும் பிடிக்கும்.

ஜெபக்கனி அதுவரை கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.
பத்து மணிக்கு அவளுக்கு ஐ.சி.யூ. டியூட்டி.
"எதிர்பாத்தா திடுக்கிடாதுன்னு எவன் எழுதுனான்?
ஏழாம் நம்பர் பெட்.
செவ்வாக்கிழமையில இருந்தே தெரியும்.
டாக்டருக்குத் தெரியும், மகனுக்குத் தெரியும்.
முழிச்சு, மானிட்டரையே பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்.
கோடு படுத்தப்போ
கையில சிரிஞ்சு இருக்கு,
எதுக்கு எடுத்தேன்னு தெரியல.
ஒரு சுற்று போச்சு எனக்கு.
முழுசா ஒரு சுற்று."

"அது வேறம்மா" என்றார் துவாரகநாத், குரலைத் தணித்து.
"இது ஆட்டம்."
"ஆட்டம்தான். ஓட்டுப் போடுங்க."

மூன்றுக்கு ஒன்று.
ஆனால் ஓட்டெடுத்து விதியை மாற்றக் கூடாதென்று
பக்கம் மூன்றில் இருக்கிறது.

சரி, பகடையே சொல்லட்டும் என்று உருட்டினேன்.
அது முறுக்குத் தட்டில் சாய்ந்து
இரண்டு முகத்துக்கு நடுவே நின்றுவிட்டது.
சாய்ந்த பகடை செல்லுமா?
அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறதாம்.
துவாரகநாத் தேடிப் புரட்டும்போது
கரண்ட் போனது.

யாரும் அசையவில்லை.
அவர் வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர்,
எட்டு எண்ணுவதற்குள் வந்துவிடும்.
வாராவாரம் போகிறது, வாராவாரம் வருகிறது.
இருட்டில் அவரே வாய்விட்டு எண்ணினார்.
ஐந்து. ஆறு. ஏழு.
டப்.
விளக்கு வந்தபோது
விதிநூல் தரையில் கிடந்தது.
அவர் கை இன்னும் அதைப் பிடித்த மாதிரியே இருந்தது.

ஜெபக்கனி ஒன்றும் சொல்லவில்லை.
மடியிலிருந்த கடலைத்தோலை ஊதினாள்.

புத்தகத்தை எடுத்து, தொண்ணூற்று நாலின் ஓரத்தில்
எழுதினேன்: 'திடுக்கிடலாம். ஒரு சுற்று.'
"பென்சில்லயே இருக்கட்டும்" என்றார்.

ஒன்பதரை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
அவள் படியிறங்கிவிட்டாள்.
ஒருவர் இல்லாமல் மற்றவர் ஆடுவதில்லை,
இதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை.
அட்டையை அலுங்காமல் தூக்கி
பீரோ மேல் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு வரைக்கும்
தூணுக்குப் பின்னால் ஜமாலின் கத்தி ஓங்கியபடி.
உடைந்த புளியங்கொட்டை
வாசலையே பார்த்துக்கொண்டு,
எல்லாம் தெரிந்த மாதிரி.