பதிவு எதுவும் இல்லை

சனி காலை ஒன்பதரை.
கவென்ட்ரியில் ஒரு தேவாலயத்தின் பின்மண்டபம்.
மடக்குமேசையின் ஒரு கால் ஆடுகிறது,
பேப்பரை நாலாய் மடித்து முட்டுக் கொடுத்திருக்கிறேன்.
தமிழ்ப்பள்ளியின் பிள்ளைகள் பாதுகாப்புப் பொறுப்பு
இந்த வருசம் என் தலையில்.
வேறொருவரும் கை உயர்த்தவில்லை.

பாஸ்போர்ட், லைசன்ஸ், காஸ் பில்.
ஐந்து வருசத்து விலாசங்கள், ஒருநாள் இடைவெளி விடாமல்.
இதுவரை வைத்திருந்த பெயர்கள் எல்லாம்.
"எல்லாமோ?" என்றார் குகனேசன் மாஸ்டர்.
"எல்லாம்."
மூன்று பெயர் எழுதினார்.
மூன்றாவதை எழுதிவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தார்,
பழைய படமொன்றில் தன்னைத் தேடுபவர் போல.
நான் ஏனென்று கேட்கவில்லை.
படிவத்திலும் அதற்குப் பெட்டி இல்லை.

ரதிமலர் அக்காவுக்குத்தான் கோபம்.
"பதினேழு வருசமாய்ப் பிள்ளையளுக்கு ரோல்ஸ் பொரிக்கிறன்,
இப்ப என்னைக் கள்ளியெண்டே நினைச்சியள்?
வெள்ளைக்காரருக்கு இது வேணும்,
எங்கட சனத்துக்கு எதுக்கு?"

எங்கட சனம்.
அதற்கு ஒரு பதில் என்னிடம் இருந்தது.
ஆறிப்போன தேத்தண்ணியோடு விழுங்கினேன்.
"கையெழுத்து இந்த இடத்திலை, அக்கா."

மூன்றாம் கிழமை வந்தது,
வெளிச்சத்தில் பிடித்தால் நீரெழுத்துத் தெரியும் தாள்.
பெட்டிக்குப் பெட்டி ஒரே வரி:
பதிவு எதுவும் இல்லை.
பதிவு எதுவும் இல்லை.
அக்கா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்
கொண்டுவந்தார், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.
எனக்கும் சந்தோசம்தான். பொய்யில்லை.
எண்ணையும் திகதியையும் கொப்பியில் பதிந்தேன்.

தொண்ணூற்றெட்டில்
வேறு ஊர், வேறு மண்டபம்,
தரையில் இதே மெழுகு வாடை.
கதவில் கண்ணாடி இல்லாத சின்ன அறை.
அவர் எங்களுக்குச் சொல்வதெழுதுதல் வைப்பார்.
ஒவ்வொருவராய் உள்ளே கூப்பிட்டுத் திருத்துவார்.

இதற்குமேல் இங்கே எழுதமாட்டேன்.

தர்மிளா பிறகு வரவில்லை, வயிற்றுவலியாம்.
எனக்கும் சனிக்கிழமைகளில் வயிற்றுவலி வந்தது.
அம்மா ஓமத்தண்ணி தந்து அனுப்பினா.
வருச முடிவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.
பூச்செண்டு கொடுத்தது நான்.

இன்றைக்கு அவருக்கு இந்தத் தாள் எடுத்தாலும்
இப்படித்தான் வரும், வெள்ளையாக.
தாள் பொய் சொல்லாது.
அதனிடம் யாராவது சொன்னதை மட்டும் சொல்லும்.
சொல்லாததை நாங்கள் மூன்றுபேர் வைத்திருக்கிறோம்,
ஒருத்தி இப்போது டொரன்டோவில்.

போன ஞாயிறு வாட்ஸ்அப்பில் ஒரு விழாப்படம்.
முன்வரிசையில் அவர். தலை முழுக்க நரை.
மடியில் யார் வீட்டுப் பிள்ளையோ
பலூனைக் கடித்துக்கொண்டு.

திங்கள் மத்தியானம்
சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல்
காருக்குள் இருந்து நூற்றியொன்றை அழுத்தினேன்.
பன்னிரண்டு நிமிடம் இசை ஓடியது.
இரண்டுதரம் வைத்துவிடப் பார்த்தேன்.
ஒரு பெண்குரல்; தன் பெயர் சொன்னாள், மனதில் நிற்கவில்லை.
எந்தத் திகதி என்று கேட்டாள்.

திகதி தெரியாது.
விளையாட்டுப் போட்டிக்கு அடுத்த சனி.
அன்று எனக்குப் பத்துக்கு ஒன்பது,
ஒரு 'ற' மட்டும் பிழை.

"அவசரமில்லை" என்றாள்.
"முதலிலிருந்து சொல்லுங்கள்."
மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம்.
யாரோ எழுதுகிறார்கள்.