படிவம் 29, படிவம் 30

"சார் இல்லீங்களா?" என்றார்
கேட்டைத் திறந்ததும்.
சார் என்று யாரும் இல்லை.
வண்டியை விற்பது நான்,
கட்டியதும் நான்தான் என்றேன்.
பொள்ளாச்சிக்காரர், பெயர் நாச்சிமுத்து,
கயிறு மில் வைத்திருக்கிறாராம்.
கொஞ்சம் யோசித்து
ஷெட் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார்.
அதற்காக ஐம்பதாயிரம் குறைத்தேன்,
அவரிடம் சொல்லவில்லை.

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்.
வெள்ளம் வந்த டிசம்பருக்குப் பிறகு
கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்ககத்தின் தரைக்கடியில்
அடையாற்றுச் சேறு குடித்துக் கிடந்தது.
இன்சூரன்ஸ்காரர் ஒரே கோட்டில் முடித்திருந்தார்.
பழைய இரும்பு விலைக்குக் கேட்டேன்,
வெட்கமாயிருந்ததால் கொஞ்சம் கூடக் கொடுத்தேன்.

புரசைவாக்கத்தில் இருபது வருடமாகப்
பல் பிடுங்குகிறவள் நான்.
இந்த நோயாளி வாயைத் திறந்தால்
மூக்குப் பக்கம் கீல், நெற்றிப் பக்கம் திறப்பு.
கார்புரேட்டரின் நுண்துளைகளை
வேர்ச்சிகிச்சை ஊசியால் சுத்தம் செய்தேன்.
முன்சக்கரத்தைத் தாங்கும் கைகள்
புதுப்பேட்டையில் கிடைத்தன,
செத்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்றிலிருந்து.
"ரெண்டும் ஒரே வயித்துப் புள்ளைங்கதாம்மா,"
என்ற தஸ்தகீர் பாய்
இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து விலை சொன்னார்.

பச்சை டப்பா லண்டனிலிருந்து வர வேண்டும் என்றார்கள்.
அயனாவரம் ஏசுபாதம்
என் பால்கனித் தொட்டியில்
முற்றிய கறிவேப்பிலைக் கொத்து ஒன்றை ஒடித்துப்போய்
அதை வைத்துக்கொண்டு நிறம் கலந்தார்.
உச்சி வெயிலில் பானெட் சுட்டால்
எனக்கு இன்னும் தாளிக்கிற வாசம்.

"ஏனுங்க விக்கறீங்க?"
அண்ணனிடம் பணம் என்றிருந்தேன்.
குடியிருப்போர் சங்கத்திடம் முழங்கால்வலி.
(எண்ணெய்ச் சொட்டு பற்றி மூன்று கடிதம் எழுதியவர்கள்,
முழங்காலை நன்றாகவே விசாரித்தார்கள்.)
எட்டு வருடம் படுத்துப் பார்த்த வண்டி,
முதுகு தரையில், கண்ணில் துரு உதிர உதிர.
உட்கார்ந்து பார்த்தது ஒன்றரை வருடம்.
போன மாதம் ஒரு ஞாயிறு
ஸ்பேனரோடு இறங்கிப் போனேன்.
செய்ய ஒன்றும் இல்லை.
துடைத்த இடத்தையே துடைத்துவிட்டு
படியேறி வந்தேன்.

"இடம் பத்தலை," என்றேன்.
ஷெட்டைப் பார்த்தார்.
இரண்டு வண்டி தாராளமாக நிற்கும்.
மேற்கொண்டு கேட்கவில்லை.

குறைகளை ஒளிக்கவில்லை.
மழை பெய்தால் வலது முழங்கால் நனையும்.
வேகமுள் எண்பதைத் தாண்டினால் நடுங்கும்,
பயப்பட வேண்டாம், அது சுபாவம்.
ஒன்றை மட்டும் சொல்லவில்லை:
இடது கதவின் உள்தட்டுக்குப் பின்னால்
தண்ணீர் நின்ற உயரத்தில்
ஒரு விரற்கடை அகலம்
பெயிண்ட் அடிக்க விடவில்லை நான்.

படிவம் 29 இரண்டு பிரதி. படிவம் 30.
விற்பவர் கையொப்பம் என்ற இடத்தில்
மருந்துச்சீட்டுக் கிறுக்கல் விழுந்துவிட்டது.
அடித்து மறுபடி போட்டேன்,
பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

லாரியில் ஏற்றச் சொன்னேன்.
"ஓட்டீட்டே போயிக்கறனுங்க."
போனார்.
தெருமுனையில் இரண்டாவது கியர்
ஒரு பல் இடித்தது.
என் கடைவாயில் கூசியது.

மறுநாள் பதினொன்றேகால்.
நாற்காலியில் ஒருவர், வாய் நிறையப் பஞ்சு.
ஜெசிந்தா என் காதில் போனை வைத்தாள்.
விக்கிரவாண்டி டோல் தாண்டி டிபனுக்கு நிறுத்தினாராம்,
அப்புறம் உயிர் வரவில்லையாம்.
சோக்கை இழுத்தீங்களா? இழுக்காதீங்க.
பானெட்டைத் திறந்து வைங்க.
இடது பக்கம் பெட்ரோல் பம்பு,
அது மேல ஈரத்துணி போடுங்க.
காய்ச்சலுக்குப் போடுற மாதிரிதான்.
எவ்வளவு நேரமா?
தொட்டுப் பாருங்க, தெரியும்.

போனை வைத்துவிடாதீர்கள் என்று
சொல்ல வாய் வந்தது.
அவரே வைக்கவில்லை.
லாரிகள் போயின. யாரோ டீ கேட்டார்கள்.
நாற்காலிக்காரர் வாயைத் திறந்தபடி
என்னோடு காத்திருந்தார்.

இப்ப சாவியைத் திருப்புங்க.
மெதுவா, மிதிச்சுப் பிடிங்க.

இருமியது. இன்னொரு தரம் இருமியது.
பற்றிக்கொண்டது.

"டாக்டர்," என்றாள் ஜெசிந்தா.
குனிந்து பார்த்தேன்.
என் வலது கால் பெடலை
அடிவரை அழுத்தியிருக்க,
கையிலிருந்த டிரில்
வெறுங்காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.