மாடி ஏறும் வலி

நரிமேட்டில் அந்த அப்பார்ட்மென்டில்
லிஃப்ட் உண்டு.
சிலிண்டருக்கு இல்லையென்று
பலகை எழுதி மாட்டியிருக்கிறார்கள்.
மூன்றாம் மாடிக்கு ஒரு திருப்பம் பாக்கி,
தோளில் முப்பது கிலோ.
தும்மல் வந்தது.

தும்மலுக்குப் போய் ஒரு மனுசன் விழுவானா?
விழுந்தேன்.
சிலிண்டர் மட்டும் பத்திரமாக,
படிக்குப் படி மணியடித்தபடி
கீழே போய் நின்றது.

அடி விழுந்தது இடுப்பில்.
அழுதது இடது கால்.
புட்டத்தில் தொடங்கி சுண்டுவிரல் வரைக்கும்
யாரோ கொதிக்கிற கம்பியைக் கோத்து
இழுத்துக் கட்டிய மாதிரி.

ஏஜென்சியில் தனுஷ்கோடி சொன்னான்:
"ஜவ்வு வெலகிருச்சுடா. சிம்மக்கல்லுல ஒருத்தர் இருக்காரு,
மிதிச்சே உள்ள தள்ளிருவாரு."
மச்சினன் போனில் சொன்னான்:
"ஆபரேசன்தான். விட்டா கால் போயிரும்."
பேச்சி ஒன்றும் சொல்லவில்லை.
காதில் கிடந்த தோட்டை
ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஸ்கேன் குகைக்குள் இருபது நிமிடம்.
கொத்தனார் ஒருவன்
என் காதுக்குள்ளேயே வீடு கட்டி முடித்தான்.
பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே வட்டு.
வெளியே கெட்டி வளையம், உள்ளே கூழ்.
வளையம் கிழிந்து கூழ் பிதுங்கி
நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன்:
"வாஷர் போனா மாத்தணும்ல மேடம்?"
பதினோரு வருசமாக
எத்தனை வீட்டில் ஊதிப் பார்த்து மாற்றியிருப்பேன்.

"இது வாஷர் இல்லைங்க.
பிதுங்குனதை உடம்பே கொஞ்சங்கொஞ்சமாக் கரைச்சிரும்.
நிறைய பேருக்கு. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன்."
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
"ஒண்ணுக்குப் போறது தெரியாமப் போனாலோ
உக்கார்ற எடம் மரத்தாலோ
பாதம் தூக்க வராமத் தொங்குனாலோ
அன்னைக்கே ஓடி வந்துரணும். ராத்திரின்னாலும்."

அன்று ராத்திரி நாலு தடவை எழுந்து
பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன்.
தூக்கியது.

படுத்தே கிடக்காதே என்றார்கள்.
பிசியோதெரபி பர்வீன்
குப்புறப் போட்டு முழங்கை ஊன்றி
நெஞ்சை நிமிர்த்தச் சொன்னது.
சுவரில் இருந்த பல்லியும் நானும்
ஒரே மாதிரி பார்த்துக்கொண்டோம்.
பத்து தடவை. இரண்டு மணிக்கு ஒருக்கா.
விடிகாலையில் செல்லூரிலிருந்து
வைகை வடகரையோடு நடை.
ஆற்றில் தண்ணீர் இல்லை,
அதுவும் என்னைப் போல லீவில் இருந்தது.

மூன்றாம் வாரம் சுண்டுவிரல் அடங்கி
கெண்டைக்கால் பிடித்தது.
நாலாம் வாரம் தொடை.
"மேல ஏறுதும்மா, பயமா இருக்கு" என்றேன்.
பர்வீன் சிரித்தது.
"ஏறட்டும்ணே. கீழ இறங்குனாத்தான் சொல்லணும்."

நான் ஏறாத மாடியா?
கணுக்கால், முழங்கால், தொடை என்று
லிஃப்ட் இல்லாத என் உடம்பில்
வலி படியேறிக்கொண்டிருந்தது,
எதையோ சுமந்துகொண்டு,
மூச்சு வாங்கிக்கொண்டு,
டிப்ஸ் கிடைக்காது என்று தெரிந்தும்.

ஐந்தாம் வாரம் புத்தி கெட்டு
குடத்தைக் குனிந்து தூக்கினேன்.
சர்ரென்று இரண்டு மாடி இறங்கிவிட்டது.
மறுபடி பல்லி. மறுபடி கரை.

இப்போது ஏஜென்சியில் பில் புத்தகம் எழுதுகிறேன்.
சம்பளத்தில் மூவாயிரம் குறைவு.
தோடு காதில்தான் இருக்கிறது.

நேற்று பேச்சி மிளகாய் வறுத்தாள்.
மூக்கில் ஏறியதும் தெரிந்துவிட்டது.
வயிற்றை இறுக்கி
சுவரைப் பிடித்து
கண்ணை மூடி
தும்மினேன்.

இடுப்பில் யாரோ கதவைத் தட்டினார்கள்.
வீடு மாறி வந்துவிட்ட மாதிரி
சத்தமில்லாமல் திரும்பிப் போனார்கள்.

"என்ன, சிரிக்கிற?" என்றாள்.
சுவரை விட்டுவிட்டு
இன்னொன்று தும்மினேன்.