முப்பத்தாறு பற்கள்

பதினொரு வருஷமாய் நான் வடிவமைத்தவை:
ஷாம்பூப் போத்தல், சவர்க்காரப் பெட்டி,
ஆசுபத்திரிக் கட்டிலின் கீழே சறுக்கும் ஒரு சட்டி,
சோடா மூடியில் விரல் வழுக்காதிருக்க
சுற்றிவர முப்பத்தாறு பற்கள்.

கட்டுபெத்தையில் இறுதியாண்டுக்கு
மோட்டார் சைக்கிள்தான் வரைந்தேன்.
"நல்ல கோடு" என்றார் பரீட்சகர்.
"இந்த நாட்டில் யார் செய்வார்கள்?"
தேநீர் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

பிறகு இரவுகளில் மட்டும்.
பெட்ரோல் தாங்கியின் வளைவு தேடி
கோட்டை வாசலில் மான்களின் பின்னே நின்றேன்.
முதுகு கழுத்தாகும் இடத்தை
ஒன்றுகூடப் பொறுமையாய்க் காட்டவில்லை.
ஒரு குட்டி, வரைந்த தாளைத் தின்றது.
எனக்குக் கிடைத்த விமர்சனங்களில்
ஒளிவுமறைவற்றது அதுதான்.

இப்போது உவர்மலைச் சரிவில் ஓர் அறை.
வாசலில் என் எம்.டி. தொண்ணூறு,
ஏதோ ஜப்பானியத் தபாற்காரர் தேய்த்த இருக்கையோடு.
அதைப் பார்த்துத்தான் நிஸ்தார் உள்ளே வந்தார்,
கிண்ணியாவிலிருந்து, மீன் வாசத்தோடு.
"பைக்குக்கு ஐஸ் பெட்டி வேணும்.
வடிவு வேணாம் தங்கச்சி,
திரும்பக்குள்ள சாயப்படாது."

மூன்று மாதம்.
பாரத்தை ஆறு அங்குலம் கீழே இறக்கினேன்,
மூலைகளை உருட்டினேன்,
அடியில் வடிகாலுக்கு ஒரு துளை.
நாற்பது கிலோ மணலை ஏற்றி
கந்தளாய் வரை நானே ஓட்டிப் பார்த்தேன்.
லொறி உரசிப்போன வளைவிலும்
பெட்டி என் முதுகைப்போல் கூடவே சாய்ந்து
கூடவே நிமிர்ந்தது.
ஹெல்மெட்டுக்குள் கத்தினேன், யாருக்கும் கேட்காமல்.

மணல் உருகுவதில்லை.
அதை மறந்திருந்தேன்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தார்.
உப்புத் தண்ணி சொட்டி
செயின் முழுக்கக் கறள்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்;
அவரோ குனிந்து, அடியைக் காட்டினார்:
துளைக்குள் இறுக்கிய ஒரு சோடாப் போத்தலின் கழுத்து,
அதன்மேல் மூடி.
"ஓடக்குள்ள பூட்டு. நிப்பாட்டினா திறப்பன்.
எப்பிடி என்ட ஐடியா?"

நகத்தால் எண்ணினேன்.
இரத்மலானையில், என் முதல் சம்பளத்தில்,
வரைந்து வரைந்து வெறுத்த அதே மூடி.

"ஈரக் கைக்கும் வழுக்காதே" என்றேன்.
"அது மூடிட குணம்" என்றார்.

நான் சொல்லவில்லை.
இரண்டு பாரை மீனை மேசையில் வைத்து,
வரைபடங்களைத் தள்ளிவிட்டு,
மிச்சக் காசில் இதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு
உதைத்துக் கிளப்பினார்.
சரிவில் இறங்கும்போது
பெட்டி சாயவில்லை.