முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

கடைசி ரயில் போன பிறகுதான்
எனக்கு நிலையம் திறக்கும்.
சாந்தியாகோ தூங்கும் தரைக்குக் கீழே
பன்னிரண்டு சுழல்தடுப்புகள். ஒன்பது உடைந்தவை.
"முப்பது பேசோ ஏறியதற்கா இவ்வளவு?"
ஹெரிபெர்த்தோ விளக்கைப் பிடித்தபடி திட்டுகிறான்.
"ஒரு நாள் வேலை பார்த்திருக்குமா இதுகள்?"
நான் பதில் சொல்வதில்லை.
வளைந்த அச்சு, கழன்ற திருகாணி,
பல்சக்கரத்தில் சிக்கிய ஒரு சீருடைப் பொத்தான்.
பொத்தானைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன்,
எதற்கென்று தெரியாமல்.

காலை ஏழு மணி.
மில்லாராய் கால்மேல் கால் போட்டு
ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறாள்.
பாவாடை விளிம்புக்குக் கீழே ஒரு கன்றல்.
நீலம், குறுக்காக, கோடு போட்டது போல.
டேப் வைத்து அளக்க வேண்டியதில்லை.
முப்பத்தெட்டு மில்லிமீட்டர்.
இருபத்தாறு வருஷமாக என் உள்ளங்கை அறிந்த குழாய்.

"எங்கே விழுந்தாய்?"
"விழவில்லை. தாண்டினேன்."
"மாணவர் கட்டணம் ஏறவே இல்லையே!"
"உங்கள் கட்டணம் ஏறியதே."
"காசு தந்தேனே."
"தந்தீர்கள் அப்பா. எப்போதும் தந்துகொண்டே இருக்கிறீர்கள்.
அதுதான் பிரச்சினை."

"உன் வயதில் எனக்கு..." என்று தொடங்கினேன்.
மீதியை அவளே சொன்னாள்:
"ஒரே ஜோடி ஷூ. அதுவும் பெரியப்பாவுடையது.
மழைக்கு உள்ளே அட்டை.
எல்லாம் மனப்பாடம்.
அந்த அட்டைக்கு நான் இன்னும்
எத்தனை வருஷம் நன்றி சொல்ல வேண்டும்?"

கொழுப்பு என்றேன்.
கேட்டதெல்லாம் கிடைத்த கொழுப்பு என்றேன்.
கை வேறு ஓங்கியிருந்தது. ரொட்டிக் கூடையை எடுத்து
அந்தக் கைக்கு ஒரு வேலை கொடுத்தேன்.

நான் அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
பதினேழு வயதில், ஓர் இரவு,
மின்கம்பிமேல் சங்கிலி வீசினேன்.
தெரு முழுக்க இருண்டது.
உள்ளே அப்பா மெழுகுவத்தி தேடிக்கொண்டே
வீசியவனின் அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினார்.
நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆமாம் போட்டேன்.
ஆனால் அது வேறு.
அப்போது காரணம் ராணுவத் தொப்பி போட்டிருந்தது.
தூரத்திலேயே அடையாளம் தெரியும்.
இப்போதோ அது
தவணை ரசீதாக, கதவுக்கடியில்
சத்தமில்லாமல் வந்து விழுகிறது.
எதன்மேல் சங்கிலி வீசுவது?

எல்சிரா இருவருக்கும் தேநீர் ஊற்றினாள்.
பித்தப்பைக் கல்லோடு
பொது மருத்துவமனை வரிசையில் பதினான்கு மாதம்.
என்னிடமும் பேசவில்லை, மகளிடமும் பேசவில்லை.

அன்று சாயங்காலம்
தெருவில் முதல் பாத்திரம் ஒலித்தது.
பிறகு எதிர் மாடி. பிறகு மூலைக் கசாப்புக்கடை.
மகள்தான் என்று நினைத்து எழுந்து போனேன்.
பால்கனியில் என் மனைவி,
ஒரு கை விலாவைப் பிடித்திருக்க,
மறுகையில் மரக்கரண்டி.
கம்பியில் கட்டிய பால்பாத்திரத்தை
அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தாள்.
"பாத்திரம் நசுங்கும்" என்றேன்.
இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில்
அதைவிட அற்பமாக நான் எதுவும் சொன்னதில்லை.
அவள் திரும்பவில்லை.

இரவு மறுபடியும் தரைக்குக் கீழே.
மூன்றாம் தடுப்பின் கைகளில்
பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினேன்,
இரண்டு அடுக்கு, முனையைச் செருகி.
"இது எந்த விதியில் இருக்கிறது?" என்றான் ஹெரிபெர்த்தோ.
"சத்தம் குறையும்."
அவன் என்னைப் பார்த்தான். விளக்கை வேறு பக்கம் திருப்பினான்.

வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னால் அவள் கேட்பாள்:
மெத்தை எதற்கு, தடுப்பையே கழற்றினால் என்ன?
நான் கத்துவேன்.

மறுநாள் இரவு போய்ப் பார்த்தேன்.
டியூபை யாரோ அறுத்து எறிந்திருந்தார்கள்.
சுத்தமான வெட்டு.
மேற்பார்வையாளரின் கத்தியா,
தாண்டியவர்களில் ஒருத்தியுடையதா,
வெட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.
பையில் இன்னொரு டியூப் இருந்தது.