கேப்பர் மலையில் ஒத்திகை

மீன் ஏற்றிய வண்டி இது.
பதினோரு வருடம் ஐஸும் வஞ்சிரமும் சுமந்து
துறைமுகத்துக்கும் சென்னைக்கும் ஓடியது.
இப்போது உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு,
கை கழுவ ஒரு தொட்டி, வெட்டித் திறந்த இரண்டு சன்னல்.
சோடா உப்பு போட்டு மூன்று முறை கழுவியும்
முதுநகர்ப் பூனைகள் நம்பவில்லை.
படியில் வந்து உட்கார்ந்து
கதவையே பார்க்கின்றன.

அமலதாஸ் இருபத்தெட்டு வருடம் விசைப்படகு ஓட்டியவர்.
கடலில் வளைவு கிடையாது,
நாம் திருப்பினால்தான் வளைவு.
கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி என்றதும்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு கேட்டார்:
"யார் எண்ணினது?"

ஐஸ் கம்பெனி காலண்டரின் முதுகில்
எழுபதையும் பென்சிலால் வரைந்தார்.
நாற்பத்தி மூன்றாவதில் தாள் தீர்ந்தது.
மீதி மலை அடுத்த மாதத்தில் இருக்கிறது.

எடைக் கணக்கு என்னுடையது.
ஏலக்கூடத்துத் தராசை ஒருநாள் இரவல் வாங்கினேன்.
தண்ணீர் எண்பது லிட்டர், எண்பது கிலோ.
மெத்தை பதினான்கு.
வலை ஒன்பது. "மலையில் வலை எதுக்கு?"
"அருவி இருக்காமே."
"அருவி மீனுக்கு இந்தக் கண்ணி பெருசு."
வலை இறங்கியது.
நங்கூரக் கயிறு மட்டும் இறங்கவில்லை.
இருக்கட்டும், சரிவில் வண்டியைக் கட்டிப்போட
ஏதாவது வேண்டும்தானே.
என் எடையை நான் எழுதவில்லை.
அவரும் கேட்கவில்லை.

பிரேக் லைனிங் மாற்றித் தந்த தில்லைகோவிந்தன் சொன்னார்:
"எந்த கியர்ல ஏறினீங்களோ அதுலயே இறங்குங்க.
மிதிச்சிக்கிட்டே வந்தா டிரம் கருகும்.
வாசனை வந்தா நின்னுடுங்க."
எப்படிப்பட்ட வாசனை என்று நாங்கள் கேட்கவில்லை.
சிப்காட் காற்றில் தூங்கி எழுந்த மூக்குகள்.
சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சை வைத்தார்.
நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன்,
மட்டம் பார்க்க.

இந்த ஊரில் ஏற்றம் என்றால் கேப்பர் மலைதான்.
சிறைச்சாலை இருக்கும் செம்மண் மேடு.
ஞாயிறு விடியுமுன் கிளம்பினோம்.
மேசை நடுவில் எலுமிச்சை.
வண்டிப்பாளையம் வரை ஆடியது, நகரவில்லை.
ஏற்றம் தொடங்கியதும்
யோசித்தது போல நின்று,
உருண்டு, விழுந்து, பின்பக்கம் ஓடியது.
தொட்டித் தண்ணீர் பின்சுவரில் ஒரு முட்டு முட்டியது.
தட்டுகள் கத்தின.
அவர் இரண்டாம் கியருக்கு மாற்றினார்,
மலை முடிந்துவிட்டது.

இறங்கி நின்றோம்.
தோப்புகளுக்கு அப்பால் கடல்
சாக்பீஸில் இழுத்த கோடு.
பீடியைப் பற்றவைக்காமல் விரலில் வைத்துக்கொண்டு சொன்னார்:
"அங்கேர்ந்து இந்த மேட்டைப் பார்த்துதான்
கரைக்கு வருவோம். இருபத்தெட்டு வருஷம்.
மேலே ஏறினது இன்னிக்குத்தான்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதில் தன் படகைத் தேடுகிறவர் போல.
படகை விற்ற காசில்தான்
இந்த வண்டி.

சிறைக் காவலர் ஒருவர் வந்து
இங்கே நிறுத்தக்கூடாது என்றார்.

இறங்கும்போது முதல் கியர். வண்டி முனகியது.
எதிரே ஒரு பால்காரர்
எழுந்து நின்று மிதித்தபடி ஏறிவந்தார்.
ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும்.
விதியை நேற்றுதான் படித்தோம்.
அத்தனை பெரிய வண்டியை ஓரங்கட்டி
அமலதாஸ் காத்திருந்தார்.
பால்காரர் கடந்து போய்
இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிலைத் தூக்கித் தேடினோம்.
அடுப்புக்குப் பின்னால், தொட்டிக்குக் கீழே,
நங்கூரக் கயிற்றுச் சுருளுக்குள் கைவிட்டு.
எலுமிச்சை இல்லை.
பூனைகள் உதவிக்கு ஏறின, துரத்தினேன்.

"விடு" என்றார், காலண்டரின் அடுத்த தாளைத் திருப்பியபடி.
"எழுபதாவது வளைவுல
தானா வெளியே வரும்."